சருகைக் கொளுத்தாதீர்!

சித்திரை பிறந்துவிட்டால் நம் வளாகத்தில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காணலாம். நிருவாகக் கட்டடத்தின் முகப்பிலுள்ள புல்தரைமீது நண்பகலில் தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருக்கும். அதே வேளையில் நூலகத்தின் பின்புறம், மரங்கள் உதிர்த்த சருகெல்லாம் ஒரு குவியலாகிப் புகைந்துகொண்டிருக்கும். முன்னே நீரை வெயிலுக்கு வார்க்கிறோம். பின்னே அந்நீரைக் காத்திருக்கக்கூடிய பொருளை நெருப்புக்கு இடுகிறோம். இவ்விரண்டையும் ஒருசேர நடத்துவதற்கு ஒரு பல்கலைக் கழகமா வேண்டும் என்று கேட்கிறேன்.

இதைக் கேட்க உனக்கென்ன தகுதி என்று நண்பர்கள் வினவலாம். நான் எம்.எஸ்ஸி. தாவர இயல் மாணவன்; அது பெரிய தகுதி அன்று. மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசலை அடுத்த சித்திரபுரத்தில் வளர்ந்தவன் என்பதையே தகுதியாகச் சொல்லிக்கொள்வேன். என் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர். எங்கள் ஊரில் ‘தோட்டம்’ என்றால் தேயிலைத் தோட்டம்தான். அது துரைமாருடையது, பின்னர்க் கம்பெனியுடையது. லயத்து வீட்டின் பின்னால் என் தாயார் பீன்சும் சௌசௌக் கொடியும் மிளகாயும் வளர்க்கும் இடத்துக்குத் தோட்டம் என்ற பெயர் கிடையாது. ‘பின்னாடி’ என்பதோடு சரி. ஆனாலும் வேனிலில் ஒரு செடியைச் சாகாமல் வைத்திருப்பது எப்படி என்பதை நான் கற்றது அந்தப் ‘பின்னாடி’யில்தான். 1940-இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையம் இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். மலைநீர் பெருங்குழாயில் இறங்கி ஊருலகுக்கெல்லாம் விளக்கேற்றுகிறது. அதே மலையில், மாசி பங்குனியில், எங்கள் குழாயில் ஒன்றுவிட்ட ஒருநாள் நீர் வந்தால் பெரிது. வருகிற நீர் மனிதருக்கே போதாது. செடிக்குக் கிடைப்பது அரிசி களைந்த கழுநீர். அந்தக் கழுநீரை வைத்துக்கொண்டு என் தாயார் வைகாசி வரை பாத்தியைப் பச்சையாக வைத்திருப்பார்கள். எப்படி? பாத்தியின்மேல் பெரணித் தழையும் சருகும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பியிருப்பார்கள். மண் கண்ணுக்கே தெரியாது. ‘மண்ணுக்கு வெட்கம் உண்டுடா, மூடி வை’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். பௌதிகம் சொல்லும் காரணம் வேறு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அதற்குமுன் ஒரு மயக்கம் தெளிய வேண்டும். நம் நூலகத்தின் தோட்டக்கலை அலமாரியில் உள்ள நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கில நாட்டுத் தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டவை. நடுக்கோடை என்று அவை கூறுவது ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களை. அன்று கதிரவன் கடகக் கோட்டின்மேல் நிற்கிறான். இங்கிலாந்தின் பக்கம் அவன் வரக்கூடியது அவ்வளவுதான். நமக்கோ? சித்திரபுரம் வடக்கே ஏறக்குறைய 10 பாகை அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 16-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்டு 27-ஐ ஒட்டி மறுமுறையும் கதிரவன் அங்கே உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறான். இரண்டாம் வருகையைப் பெரும்பாலும் மழைமேகம் மறைத்துக்கொள்கிறது. முதல் வருகையே நம் நடுக்கோடை. ஜூன் முதல் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவது வழக்கம். ஆகவே ஆங்கில நூலைப் பார்த்து நடுக்கோடைப் பராமரிப்பைத் தொடங்குகிறவன் குடையும் கையுமாகத்தான் தொடங்க வேண்டும்!

ஆங்கில நூலை மட்டும் குறை சொல்வானேன்? நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகளும் மலைக்கு மேற்கே அப்படியே பொருந்துவதில்லை. ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பது அவர்கள் கணக்கு. கம்பத்திலும் மதுரையிலும் அது மெய். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே ஆடி, கர்க்கடகம் என்ற பெயரில், ஓயாத மழையாகப் பொழிகிறது. ஒரே மலைத்தொடரின் இருபுறமும் ஒரே மாதத்தில் இரு வேறு பொழுதுகள். இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊரின் வேனில் எது என்று பார்க்க வேண்டும், அவ்வளவே.

கதிரவன் நேர்மேலே வருவதால் இன்னொன்றும் விளைகிறது. தெற்குச் சுவரின் நிழலில் செடியை வைத்துக் காக்கலாம் என்று ஆங்கிலேயன் எண்ணுவதில்லை. அவன் நாட்டில் வெயில் எப்போதும் தெற்கிலிருந்தே வருகிறது. நம் நாட்டில் சித்திரை நண்பகலில் சுவரின் நிழல் சுவரின் அடியிலேயே சுருண்டு கிடக்கும். மே மாதத்திலோ நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். எனவே இங்கே பக்கத்துத் தடுப்பு பயன்படாது. தலைக்குமேல் கூரை வேண்டும். அதற்குத்தான் நம்மவர் பந்தல் கண்டனர். நான்கு மூங்கிலும் சில தென்னங்கீற்றும் போதும். பிற்பகலில் கொளுத்தும் மேற்கு வெயிலுக்கு ஒரு பக்கம் மட்டும் தட்டி கட்டினால் மிளகாய் நாற்று பிழைத்துக்கொள்ளும்.

இனிப் புல்தரைக் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். கோடையில், வாடாமல் பச்சையாக நிற்கும் புல்தரை நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கிவிடும். நம் முகப்புப் புல்தரையைக் காலால் அளந்து பார்த்தேன். கால் ஏக்கர் தேறும். ஆயிரம் சதுர மீட்டர் என்றே கொள்வோம். நாளொன்றுக்கு ஐயாயிரம் லிட்டர்! 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் நாட்டுப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அப்படியானால் நம் புல்தரை தொண்ணூறு பேரின் நீரைக் குடிக்கிறது. நண்பகலில் தெளிப்பதால் தரையைத் தொடாமலே காற்றோடு போகிற பங்கு தனி. காலை ஒன்பது மணிக்குமேல் விடுதியின் இரண்டாம் மாடியில் குளிக்கப் போய்த் திரும்பி வந்த நண்பர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

புல்தரை அழகு என்பதை நான் மறுக்கவில்லை. உதகைத் தாவரத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 1848-இல் மெக்கைவர் என்பவர் பொறுப்பேற்று அமைத்த தோட்டம் அது. அங்கே குளிரும் பனியும் புல்லைப் பாதி காக்கின்றன. அந்த அழகைச் சமவெளிக்குத் தூக்கிவந்து சித்திரை வெயிலில் கிடத்தியதுதான் பிழை. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்பம் 41 பாகையைத் தாண்டியதை நாம் அறிவோம். அத்தகைய வெயிலில், தழைத்து நில் என்று புல்லை வற்புறுத்துவது புல்லுக்கும் கொடுமை. விட்டுவிட்டால் அது பழுப்பாகி உறங்கும். முதல் மழையில் தானே எழும். இரண்டு மாதம் பழுப்பு நிறத்தைப் பொறுத்துக்கொள்ளும் கண் நமக்கு வேண்டும்.

சருகுக்கு வருகிறேன். மூடாத மண்ணில் என்ன நடக்கிறது? கோடை நண்பகலில் வறண்ட மண்ணின் மேற்பரப்பு 50 பாகைக்குமேல் சுடும். வெறுங்காலோடு நடந்தவர்கள் அறிவார்கள். அந்தச் சூடு கீழே இறங்குகிறது. கீழேயுள்ள ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலே ஏறி வெயிலில் கலந்துவிடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இதுவும். மேலே சருகைப் பரப்பினால் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெயில் மண்ணைத் தொடுவதில்லை. மண்ணை உரசிச் செல்லும் காற்று தடைப்படுகிறது. திரியும் அறுந்துபோகிறது, ஏனெனில் மண்ணின் நுண்துளையும் சருகின் இடைவெளியும் ஒன்றோடொன்று தொடர்வதில்லை. நீர் ஆவியாக மட்டுமே, அதுவும் மெல்ல மெல்ல, வெளியேற முடியும். மண்ணின் சூடு குறைவதால் மேல்வேர்கள் வேகாமல் பிழைக்கின்றன. மழை வந்தபின் அதே சருகு மக்கி எருவாகிறது. செலவு ஒன்றுமில்லை, கொளுத்தாமல் இருந்தால் போதும்.

இது புதுமையும் அன்று. தேயிலைக் காட்டில் கவாத்து முடிந்ததும் வெட்டிய இலையையும் சிறு குச்சியையும் செடியடியிலேயே விடுவது வழக்கம். பருத்த கழிகள் அடுப்புக்குப் போகும். தென்னந்தோப்புக்காரர்கள் மரத்தைச் சுற்றிக் குழி எடுத்துத் தேங்காய் மட்டையை, உட்புறம் மேல்நோக்க, அடுக்கிப் புதைப்பார்கள். காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் அதையே பரிந்துரைக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தூரில் இருந்து நம் உழவர்களிடம் பாடங்கேட்டு, குப்பையை எருவாக்கும் முறையை 1931-இல் நூலாக வெளியிட்டார். ‘இந்தூர் முறை’ என்ற பெயரோடு அது உலகைச் சுற்றியது. குறளின் உழவு அதிகாரத்தில் வள்ளுவர் நீர் பாய்ச்சுவதைவிடக் காவலை ஒருபடி மேலே வைத்திருக்கிறார். அவர் கருதியது ஆடுமாடுகளிடமிருந்து பயிரைக் காப்பதுதான். நான் அதை வெயிலிடமிருந்து மண்ணைக் காப்பதற்கும் சற்றே நீட்டிக்கொள்கிறேன். தமிழ்த் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. பாம்பு வரும், தேள் வரும் என்கிறார்கள். உண்மைதான், முழங்கால் உயரக் குவியலை நடைபாதையோரம் வைத்தால் வரும். மரத்தடிப் பாத்தியில் மூன்று நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் பாம்பு படுக்க அங்கே இடம் ஏது? கரையான் ஏறும் என்கிறார்கள். அதற்காகத்தான் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்ப வேண்டும். தண்டோடு ஒட்டிக் குவித்தால் கரையான் மட்டுமா, அழுகலும் வரும். எந்தச் சருகும் ஆகுமா என்றால், ஆகாது. மூணாற்றுப் பக்கம் மலிந்து கிடக்கும் யூக்கலிப்டஸ் தழையைக் காய்கறிப் பாத்தியில் இட்டால் நாற்று எழும்பாது. என் தாயார் அதை அடுப்புக்கு மட்டுமே எடுப்பார்கள்.

இவை எல்லாவற்றினும் வலிய மறுப்பு ஒன்று உண்டு: சருகு தீயின் உணவு. எங்கள் மலைக்காரன் எவனும் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டான். 2018 மார்ச் 11 அன்று, எங்கள் மலையின் கிழக்குச் சரிவில், தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டில், காய்ந்த புல்லில் பற்றிய தீ மலையேற்றத்துக்குப் போன இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. ஆகவே சருகைப் பரப்பு என்று சொல்கிறவன் தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வெறுந்தரை விடுங்கள். சருகைப் பரப்பியதும் ஒருமுறை நீர் தெளித்து அழுத்தி, மேலே ஒரு கூடை மண்ணைத் தூவுங்கள். அதன்பின் காற்றில் பறக்கவும் பறக்காது, பொறி விழுந்தாலும் எளிதில் பற்றாது. மலைச்சரிவில் வேலிக்கு வெளியே காடு இருக்குமானால் வேலியோரம் பரப்பவே வேண்டா. அதைவிட முக்கியமாக, தீக்கு அஞ்சிச் சருகை அகற்றுகிறோம் என்போர், அகற்றிய சருகுக்கு நாள்தோறும் தாமே தீ வைப்பது எந்த நியாயம்? திறந்த வெளியில் குப்பையைக் கொளுத்துவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை செய்து, மீறினால் ஐயாயிரம் ரூபாய் தண்டம் என்றும் விதித்தது. நூலகத்தின் பின்புறம் எழும் புகைக்கு அந்த ஆணை கண்ணில் படவில்லை போலும்.

மூடாக்கு எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகள் பெருமளவில் காய்ந்தன. கீழே சருகு கிடந்தும் கருகிய தட்டைகளை நானே பார்த்தேன். மேலே நிழல்மரத்தை மிகுதியாகக் கழித்துவிட்டு, கீழே மட்டும் போர்த்திப் பயனில்லை. ஏலம் காட்டு நிழலில் பிறந்த செடி. குடையைப் பிடுங்கிக்கொண்டு போர்வை கொடுத்தால் அது என்ன செய்யும்?

நீர் ஊற்றும் வேளையைப் பற்றி ஒரு சொல். உச்சிவெயிலில் ஊற்றினால் நீர்த்துளி கண்ணாடி வில்லைபோல் வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். வழவழப்பான இலையின்மேல் படிந்த துளி இலையைப் பொசுக்கவில்லை. குவியும் புள்ளி இலைக்கு நெடுந்தூரம் கீழே போய்விடுகிறது. மயிர் அடர்ந்த சில இலைகளில் மட்டும், துளி மயிர்நுனியில் தூக்கி நிறுத்தப்படுவதால், பொசுங்கல் நேர்ந்தது. ஆக, பெரியோர் சொன்ன காரணம் பெரும்பாலும் சரியன்று. ஆனால் அவர்கள் சொன்ன வேளை சரி. நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பங்கு வேரை அடையுமுன்னே ஆவியாகிறது. வெயிலில் கிடந்த கருங்குழாயில் முதலில் வரும் நீரோ கொதிநீர். விடியற்காலை ஊற்றுவதே நன்று. நண்பகலில் இலை துவண்டிருப்பதைக் கண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டா. வேர் தரும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகும்போது, மண்ணில் ஈரம் இருந்தாலும், இலை தொங்கும், மாலையில் நிமிரும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் அது தாகம். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ ஊற்றுவது வேரைக் கீழே இழுக்கும். கோடை நடுவில் உரமும் கவாத்தும் கூடா. புதுத் தளிரைத் தூண்டிவிட்டு அதற்கு நீர் கொடுக்க முடியாமல் நிற்பதில் என்ன பயன்?

இவ்வளவும் செடியின் பக்கம். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரின் பக்கமும் இருக்கிறது. நம் தோட்டப் பணியாளர் நண்பகலில் புல்தரையில் நிற்பது அவர் விருப்பத்தால் அன்று. மேலிருந்து வகுத்த நேரம் அது. 2024-லும் 2025-லும் கோடை மாதங்களில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆணையிட்டது. வெயில் தாக்கும் வாய்ப்பில்லாத, மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. எங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பலர் அந்த விலக்குக்குள் அடங்குவார்கள். மலையில் வெயில் மென்மையானது என்று கீழிருந்து சொல்வது எளிது. அது கிடக்கட்டும். நம் வளாகம் மூவாயிரம் அடியில் இல்லையே? தெளிப்பதை விடியற்காலைக்கு மாற்றினால் நீரும் மிஞ்சும், அவர் தலையும் தப்பும்.

நம் மன்றம் இவ்வாண்டு நிருவாகத்திடம் கொடுக்கவிருக்கும் விண்ணப்பத்தில் மூன்றை மட்டும் எழுதினால் போதும் என்பது என் கருத்து. புல்தரைக்குப் பங்குனி முதல் வைகாசி வரை விடுமுறை கொடுங்கள். நமக்கே விடுமுறை உண்டு, புல்லுக்கு ஏன் கூடாது? நூலகத்தின் பின்புறம் கொளுத்தும் இடத்தில் இரண்டு எருக்குழி வெட்டுங்கள். நிழல் தரும் மரங்களின் அடியில் பெருக்காதீர்கள். இந்த மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு மிகுதியாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். பெருக்கிய தரையே தூய தரை என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. பெருக்கினால் அழகாக இருக்கிறது என்போர் வேப்பமரத்தடியில் சருகை விலக்கி, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கட்டும். பத்தடி தள்ளி, பெருக்கிய தரையிலும் விட்டுப் பார்க்கட்டும். விரல் இறங்கினால் அல்லவா!

விண்ணப்பம் நகர்வதற்குள் விடுமுறை வந்துவிடும். விடுதிச் சாளரத்தில் தொட்டிச்செடி வைத்திருப்போர் ஊருக்குப் போகுமுன், அவற்றைத் தனித்தனியே விட்டுச் செல்லாமல் ஓரிடத்தில் நெருக்கி வையுங்கள்; ஒன்றின் நிழல் ஒன்றுக்காகும். தொட்டிகளுக்கடியில் தென்னை நார்க்கழிவை நனைத்துப் பரப்புங்கள். மேலே சருகிட்டு மூடுங்கள். இடம், தெற்கு நடை. மே மாதத்தில் நண்பகல் வெயில் வடக்கு நடையில்தான் விழும் என்று முன்னரே சொன்னேன். ஆய்வுக்கூட வேலையால் ஊருக்குப் போக முடியாத நாங்கள் நால்வர் விடுதியில் இருப்போம், விடியற்காலையில் ஊற்றுகிறோம். தொட்டியில் பெயரை எழுதி வையுங்கள். சருகு வேண்டுமென்றால் தோட்டப் பணியாளரிடம் கேளுங்கள், மகிழ்ந்து தருவார். சாக்குப் பை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். கள்ளிச்செடி வைத்திருப்போர் கொண்டுவர வேண்டா. அதற்கு நம் உதவி தேவையில்லை.